ஒன்பதரை மணி ரிப்போர்ட்

என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நானூற்றுப் பன்னிரண்டு மாட்யூல்களும் லோடு ஆகின்றனவா என்று தினமும் காலையில் பார்த்து, ஆகாதவற்றை எழுதிக் கொடுப்பது.

எங்கள் நிறுவனம் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்கிறது. அதைத் துண்டு துண்டாகத்தான் எழுதுவார்கள்; ஒரு துண்டு ஒரு மாட்யூல். ஒரு துண்டு குப்பியில் ஒட்டிய சீட்டைப் படிக்கும். ஒன்று சர்க்கரை அளவைத் தாளில் அச்சிடும். இன்னொன்று, ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, இனி அதை நம்பலாமா கூடாதா என்று கணக்குப் பார்க்கும். ஒவ்வொரு துண்டும் கண் விழிக்கும்போதே தனக்கு வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டதில் ஒன்று வராவிட்டாலும் அது எழுந்திருக்காது. திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். இம்போர்ட் எரர்.

இதை எழுதுகிறவர்களின் மெஷினில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்காக எதையெதையோ கொண்டுவந்து அதில் குவித்திருப்பார்கள். அங்கே எதைக் கூப்பிட்டாலும் எந்த மூலையிலிருந்தாவது வந்துவிடும். அதனால் ஒன்பதரைக்கு நான் கணினிக்குள்ளேயே வெற்று மெஷின் ஒன்றை உண்டாக்குவேன். நேற்று என்பது அதற்குக் கிடையாது. வெளியாட்கள் எழுதிவைத்த லைப்ரரிகளில் எவையெவை அதற்குள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் என் பொறுப்பு. அதில் உள்ளவற்றை மட்டும் ஏற்றிவிட்டு, மாட்யூல்களை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்ப்பேன். ஆறு நிமிஷம் ஆகும். பெரும்பாலான நாட்களில் நானூற்றுப் பன்னிரண்டும் எழுந்துவிடும். அந்த நாட்களில் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பத்து மணிக்குக் கூட்டம். எல்லோரும் நின்றுகொண்டிருக்க நான் ரிப்போர்ட்டை வாசிப்பேன். மாட்யூலின் பெயர், எத்தனையாவது வரி, எழுதியவர் யார். பெயர் வாசிக்கப்பட்டவர் "என்னுதுதான்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. மேலாளர் வைத்த விதி அது. அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கத்தரி. யார் பேசினாலும் மூன்றாவது சொல்லில் வெட்டிவிடுவார். "விளக்கம்லாம் வீட்ல போய்ச் சொல்லுங்க. இங்க ஒரே வார்த்தை" என்பார். ஒரு காலாண்டில் மூன்று முறை அந்த ஒரே வார்த்தையைச் சொன்னவரின் ஒப்பந்தம் அந்தக் காலாண்டோடு முடியும். நான் சேர்ந்த நாலு வருஷத்தில் ஏழு பேர் அப்படிப் போனார்கள். ஏழு பேரையும் வாசித்தது நான்தான்.

அந்தக் காலாண்டில் அத்தான் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர். நான் அவர்கள் வீட்டில்தான், பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் இருந்தேன். எங்கள் தளத்தில் வயதில் மூத்தவர் அவர்; நாற்பத்தொன்பது. "அவரைவிட வயசானது இங்க லிஃப்ட் மட்டும்தான்" என்று பக்கத்து இருக்கை டேட்டாபேஸ்காரி சொல்வாள். நாற்பத்தொரு மாட்யூல்கள் அவர் பெயரில் இருந்தன. இங்கிருந்து போனால் அந்த வயதில் வேறு எவரும் எடுக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

இரண்டாவது பிழை அவரைப் பாதிக்கவில்லை. இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு பாதி எழுந்த நிலையில் நின்றுவிட்டிருந்தன. "நீ முதல்ல போ, நீ முதல்ல போன்னு ரெண்டும் வாசல்லயே நின்னுடுச்சுங்க, பெரிய மரியாதை!" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். முதல் பிழைதான் அவரை உலுக்கியது. புதிதாக ஒரு கோப்பு எழுதியிருந்தார்; எல்லோருடைய கோப்புகளும் இருக்கும் பொது இடத்தில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார். அவருடைய மெஷினில் மட்டும் இருந்தது. அன்று மாலை பேருந்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று சொன்னார்: "எழுதினது ஞாபகம் இருக்கு. சேர்த்ததும் ஞாபகம் இருக்கு. ஆனா சேக்கல பாரு."

அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறதி ஆரம்பித்தது. ஆறு வருஷம் அத்தான்தான் ஊட்டிவிட்டார், குளிப்பாட்டிவிட்டார். கடைசி மாதங்களில் அவர் மகனையே பார்த்து, "தம்பி, எங்க வீட்ல ஒரு பையன் இருப்பான், அவனைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?" என்று மிகவும் பணிவாகக் கேட்பாராம். இதை அத்தான் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, சிரிக்க வேண்டிய இடம் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

மற்றபடி அவர் கேலிக்காரர். எனக்கு அவர் வைத்த பெயர் காலிங்பெல். "என்ன காலிங்பெல், இன்னிக்கு எத்தனை கதவு திறந்துச்சு? எட்டிப் பாத்தியா? உள்ள போயிடாதே, அது உன் டிபார்ட்மெண்ட் இல்ல" என்பார். அலுவலகத்திலும் சொல்வார், வீட்டுக்கு வந்தவர்கள் எதிரிலும் சொல்வார். அக்கா சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

காலாண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு மாட்யூல் எழுதும் இடம் ஒன்று காலியானது. நான் விண்ணப்பித்தேன். தேர்வும் நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் வெளியிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டார்கள். காலாண்டு முடிய மூன்று வாரம் இருந்தபோதுதான் டேட்டாபேஸ்காரி விஷயத்தைச் சொன்னாள். கத்தரி அத்தானிடம் அபிப்பிராயம் கேட்டபோது அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாளாம். "அவளுக்கு அது வராது சார். ஓட்டிப் பாக்க வரும். அதோட விட்டுடுங்க" என்றாராம்.

அன்றிலிருந்து நான் அத்தானிடம் பேசவில்லை.

சண்டை போடவில்லை, கேட்கவும் இல்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறவர்களுக்கு முகம் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அப்படி இல்லை. கேட்டால் தலையை ஆட்டுவேன், தட்டை எடுத்து வைப்பேன், ஒரே பேருந்தில் போவேன், ஒரே பேருந்தில் வருவேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவர் கவனித்தார். "என்ன, வாயை எங்கயாவது மறந்து வச்சுட்டு வந்துட்டியா?" என்றார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டு. எதிரில் இருப்பவர் என்ன குற்றம் செய்தோம் என்று தேடத் தொடங்குவார். செய்யாததையெல்லாம்கூட எடுத்துப் பார்ப்பார்.

பட்டியலைச் சுருக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. யாருக்கும் தேவைப்படாதவை போலத் தெரிந்த பத்தொன்பது லைப்ரரிகளை எண் போட்டு எழுதி, "இவற்றில் எது வேண்டுமோ செவ்வாய் மாலைக்குள் எழுதி அனுப்புங்கள், பதில் வராதவை நீக்கப்படும்" என்று வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அத்தான் பின்னால் வந்து நின்றார். சமையலறையில் அக்கா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். 

"உன் லிஸ்ட்ல பதினொண்ணாவது இருக்குல்ல, தேதிக் கணக்கு? அதைத் தூக்கிடாதேம்மா. ரத்தம் பழசாச்சான்னு பாக்கற மாட்யூல் முழுக்க அதுலதான் நிக்குது. எழுதி வேற அனுப்பணுமா, இல்ல இது போதுமா?"

நான் வாஷ்பேசினுக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, எழுத வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் ஆட்டினேன். நாளைக் காலையில் முதல் வேலையாக, நீக்க வேண்டியவற்றிலிருந்து பதினொன்றை அடித்துவிட வேண்டும் என்று நினைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

"தலையாவது ஆடுதே" என்று சொல்லிக்கொண்டே அவர் கையை நீட்டிக் குழாயைத் திறந்தார்.

திங்கள்கிழமை அடிக்கவில்லை. புதன்கிழமை மாலை, பத்தொன்பது வரிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் நீக்கினேன். அப்போது ஞாயிற்றுக்கிழமை என் நினைவில் இல்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை, ஆகவே இதில் நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒன்பது முப்பத்தாறுக்குத் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. நானூற்றுப் பதினொன்று எழுந்துவிட்டன. ரத்தம் பழசாகிவிட்டதா என்று பார்ப்பது எழவில்லை. நான்காவது வரியில் தேதி லைப்ரரியைக் கூப்பிட்டிருந்தது, அது வரவில்லை. எழுதியவர் என்ற இடத்தில் அத்தான்.

உடனே எல்லாம் நினைவுக்கு வந்தது. கண்ணாடி, குழாய்ச் சத்தம், "இது போதுமா" என்று கேட்டது, எல்லாம். பட்டியலில் ஒரு வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். புது மெஷின் உண்டாக்க இரண்டு நிமிஷம், ஓட்டிப் பார்க்க ஆறு. கூட்டத்துக்கு இருபத்துநாலு நிமிஷம் இருந்தது. காலாண்டு முடிய இரண்டு நாள்.

நான் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்தேன். ஒரு வரிதானே. பிறகு என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அடியில் பழைய கறை ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒன்பது ஐம்பத்தொன்று. அப்போதும் முடியும். இரண்டு வரிசை தள்ளி அத்தானின் முதுகு தெரிந்தது. காதில் பேனாவைச் செருகிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வராது சார் என்று என் மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு என்பதை அவருக்கு என்று மாற்றி. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அச்செடுத்தேன்.

பத்து மணிக்கு வாசித்தேன்.

அத்தான் சட்டென்று நிமிர்ந்தார். "அது எப்படி, நான்தான்…"

"ஒரே வார்த்தை" என்றார் கத்தரி.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். அத்தான் என்னைப் பார்த்தார், கோபமாக இல்லை, ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்பதுபோல. பிறகு, "என்னுதுதான்" என்றார்.

பத்தரைக்குக் கத்தரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அத்தான் ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தார். 

"லைப்ரரியை எடுத்தது நீதானே?"

"ஆமா சார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பதில் வரல."

"இவர் வாயால சொன்னேங்கறாரு. சொன்னாரா?"

"எழுத்துல எதுவும் வரல சார்."

"அது எனக்கே தெரியுது. வாயால சொன்னாரா, அதைச் சொல்லு."

அத்தான் எனக்கு உதவிக்கு வந்தார். அதுதான் அவர் செய்தது. நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து எடுத்துக்கொடுத்தார். "ஞாயித்துக்கிழமைம்மா. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவறப்ப. பதினொண்ணாவதைத் தூக்கிடாதேன்னு சொன்னேன்ல? எழுதி அனுப்பணுமான்னுகூடக் கேட்டேனே." அவர் முகத்தில் புன்னகைகூட இருந்தது.

"எப்ப?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை. கண்ணாடி முன்னாடி. நீ தலையாட்டின."

"நான் ஞாயித்துக்கிழமை உங்ககூடப் பேசவே இல்லையே அத்தான்."

மூன்று வாரத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது. சொல்லுக்குச் சொல் உண்மை. அத்தான் என்று கூப்பிட்டதை மிகவும் மெதுவாக, நோயாளியிடம் சொல்வதுபோல் சொன்னேன். அப்படித் திட்டமிடவில்லை. குரல் அப்படித்தான் வந்தது.

அவர் வாயைத் திறந்தார். கத்தரி வெட்டுவதற்காகக் காத்திருந்தார், ஆனால் வெட்ட எதுவும் வரவில்லை. அத்தானின் கண்கள் என்மேல்தான் இருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே எங்கேயோ போய் ஞாயிற்றுக்கிழமையைத் தேடிக்கொண்டிருந்தார். அது அங்கே இருந்தது, எனக்குத் தெரியும். அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"சொல்லணும்னு நினைச்சேன் போல" என்றார் கத்தரியிடம். "நினைச்சதைச் சொன்னதா… சாரி சார்."

"வயசு" என்றார் கத்தரி. கொஞ்சம் இரக்கமாகத்தான் சொன்னார். அதோடு கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தேட ஆரம்பித்தார்.

பதினோரு மணிக்குப் பதினோராவது லைப்ரரியைத் திரும்பச் சேர்த்தேன். ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டும் எழுந்தன.

மாலையில் பேருந்தில் அத்தான் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் திரும்பாமலே கேட்டார்: "கண்ணாடில உன் முகம்கூட ஞாபகம் இருக்கும்மா. நீல டவல் வச்சிருந்தே. அதெல்லாம் எப்படி வரும்?"

டவல் நீலம்தான்.

"வேற ஏதாவது நாளா இருக்கும்" என்றேன்.

"ஆமாம்ல" என்றார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் துல்லியமா வரும். போகாத ஊர்ல பாத்த மரத்தைப் பத்திச் சொல்வாரு."

வீட்டில் அக்கா அவர் சட்டையைப் பிடித்து உலுக்காத குறைதான். "நிஜமா அவர் உன்கிட்டச் சொல்லலையாடி?" என்று என்னைக் கேட்டாள். நான் இல்லை என்றேன். அவள் உடனே அவர் பக்கம் திரும்பிவிட்டாள். "பாத்தீங்களா? அவ எதுக்குப் பொய் சொல்லப்போறா? அவ வாயைத் திறக்கறதே அபூர்வம்." அத்தான் தலையை ஆட்டினார். அவள் சொன்னது நியாயமாகத்தான் அவருக்கும் பட்டது.

வெள்ளிக்கிழமை அவருடைய பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு நான்தான் கீழே வரைக்கும் தூக்கி வந்தேன். அவருடைய நாற்பத்தொரு மாட்யூல்களை யாரிடம் கொடுப்பது என்று கத்தரி யோசித்து, "நீதான் தினமும் எழுப்பறே, உனக்குத்தான் எல்லாத்தோட முகமும் தெரியும்" என்று என் பெயரில் எழுதிவிட்டார். எழுதும் இடம் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. ஒரு வாரத்தில் புரிந்தது, அத்தானுடைய வேலை சுத்தமான வேலை. ஒரு இடத்தில்கூடத் தேவையில்லாமல் எதையும் கூப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த மாதம் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதலில் சாவி எங்கே, மருந்து எப்போது என்று எழுதினார். பிறகு எல்லாவற்றையும். "கேஸ் மூடினேன் 8.10. மறுபடி பார்த்தேன் 8.14. மூடித்தான் இருக்கிறது." வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கி, மறுபடி ஏறிப்போய்ப் பார்ப்பார். அவர் எதையும் மறந்து நான் பார்க்கவில்லை. ஒரு முறைகூட இல்லை. மூடியதை மூடினேன் என்றுதான் சொன்னார், கொடுத்ததைக் கொடுத்தேன் என்றுதான் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பார். அக்கா முதலில் பொறுமையாக இருந்தாள். பிறகு, "இதையும் அந்த நோட்டுல எழுதி வச்சுக்குங்க, பொண்டாட்டி பேரு என்னன்னு. நாளைக்கு யாரும்மா நீன்னு கேப்பீங்க" என்று சொல்லத் தொடங்கினாள். அவர் சிரிப்பார். ஒரு நாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்தார்.

இரண்டு நேர்காணலுக்குப் போனார். இரண்டாவதில் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, மறதி என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "யாராவது வாயால அதைச் சொல்லுவாங்களா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லாம மறைச்சா தப்பில்லையா?" என்றார் அவர். "ரத்தம் பாக்கற இடம்டி. நாளைக்கு நான் எதையாவது மறந்து யாருக்காவது…"

நான் சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது, பேருந்து நிறுத்தத்தில், அவர் மூன்றாவது முறை மாடியேறும்போது. ஒரே ஒரு வாக்கியம்தான். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். இரண்டாவது மாதத்தில் சொல்லியிருந்தால் அக்கா எனக்கு இல்லாமல் போயிருப்பாள். அதன் பிறகு, எதற்காகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பது முழு உண்மை அல்ல. ஆனால் அதில் ஒரு பங்கு உண்மை.

ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பால்கனியில் நின்றுகொண்டிருந்தவர் கூப்பிட்டார். காலிங்பெல் என்று கூப்பிட்டு நாளாகிவிட்டது. 

"உன்னைப் பத்திக் கத்தரிகிட்ட நான் ஒண்ணு சொன்னேன்னு ஒரு ஞாபகம். உனக்கு எழுத வராதுன்னு. அது நிஜமா, இல்ல இதுவும் நானா கற்பனை பண்றேனான்னு தெரியல."

"சொன்னீங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நாலு மாதத்தில் அவருடைய ஞாபகம் ஒன்றை யாரோ ஆமாம் என்று சொன்னது அதுதான் முதல் முறை. "அப்ப அது நடந்ததுதான்" என்றார். பிறகுதான் தான் மகிழ்ச்சியடைந்தது எதற்கு என்று உறைத்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "தப்பா சொல்லிட்டேன்மா. இப்ப என் நாப்பத்தொண்ணையும் நீதானே பாக்கறே. அப்பவே என் மூளை சரியில்ல போல. மனசுல வச்சுக்காதே."

இதற்காகத்தான் நான் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். கிடைத்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். பேருந்தில் உட்கார இடம்கூட இருந்தது.

அடுத்த வாரம் அக்கா நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். நானும் கட்டாயம் வர வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். காத்திருக்கும் அறையில் சுவரோரமாக ஆறு நாற்காலிகள். ஒரு மீன்தொட்டி, அதில் மீன் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். நோயாளியின் குடும்பத்தார் நிரப்ப வேண்டியது. மறதி முதன்முதலில் எப்போது தெரியவந்தது, கவனித்தவர் யார், நடந்தது என்ன.

அக்கா அதை என் மடியில் வைத்தாள். "நீதானடி முதல்ல பாத்தே. நீயே எழுது. நான் எழுதினா அழுதுடுவேன்."

நான் அந்த வியாழக்கிழமையின் தேதியை எழுதினேன். கவனித்தவர் என்ற இடத்தில் என் பெயர். நடந்தது என்ன என்பதற்கு நாலு கோடு விட்டிருந்தார்கள். ஒரு வரி போதுமாக இருந்தது: சொல்லாத ஒன்றைச் சொன்னதாக உறுதியாக நம்பினார். அக்கா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டபோது ஒருவர்தான் உடன் வரலாம் என்றார்கள். அக்கா எழுந்தாள். "நீ இரு" என்றார் அத்தான் அவளிடம், "இவ வரட்டும். எனக்கு எதாவது விட்டுப்போனா இவ கரெக்டா சொல்லுவா."

மருத்துவர் என் வயதுக்காரி. கனிவானவள். மூன்று வார்த்தைகள் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றாள். பாலம், கரண்டி, நீலம். அத்தான் திருப்பிச் சொன்னார். 

"இன்னிக்கு என்ன கிழமை?"

அவருக்குத் தெரியும். காலையில் நோட்டில் எழுதியதை நான் பார்த்தேன். ஆனால் அவர் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "புதன்" என்றார்.

மருத்துவர் எதையோ குறித்துக்கொண்டாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

மறுபடி என்னைப் பார்த்தார்.

"அவங்களைப் பாக்காம சொல்லுங்க, பரவாயில்ல, தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"அவகிட்ட ஒரு தடவை கேட்டுக்கறது நல்லது டாக்டர்" என்றார் அத்தான், ரொம்பப் பணிவாக. "எனக்குத் தோணறதை நான் நம்பறதில்ல."

அவள் அதையும் எழுதினாள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் சரியான இடத்தில் எழுதினார். முள்ளை வைக்கும்முன் தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டாள். அவர் உதடு குவிந்தது. பாலம் என்பதற்குத்தான் குவிந்தது, எனக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து திரும்பியது.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் ஒன்றும் இல்லை. அதை வைத்து எதையும் படிக்க முடியாது. அவர் படிக்கப் பார்த்தார். 

"ஞாபகம் வரல" என்றார் கடைசியில்.

மருத்துவர் வேகமாக ஒரு முழு வரி எழுதினாள். பிறகு என்னிடம், "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

நான் எழுந்தேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இல்ல இல்ல, இவ இருக்கட்டும் டாக்டர். இவ இல்லாம நான் எதைச் சொன்னாலும் அது சரியா இருக்காது."

மருத்துவர் பேனாவை நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். அதையும் குறித்துக்கொண்டாள். நான் நாற்காலியை அவருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.